இரவை அளக்கும் செடி

ஆடி மாதத்தில் பந்தலடியில் ஊன்றிய அவரையும், அதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே அவசரப்பட்டு ஊன்றிய அவரையும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் பூக்கும் என்பது சுரண்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் வீட்டுக் கொல்லையில் காய்கறி வைத்துப் பழகிய எவரும் அறிந்த விஷயம். முந்தி ஊன்றியவர் அடைந்த லாபமெல்லாம் பந்தல் கொள்ளாத அளவுக்குக் கொடியும் இலையுமே ஆகும். பூ மட்டும் கார்த்திகைக்குப் பிறகு, பனி இறங்கத் தொடங்கிய பின்தான் தலைகாட்டும். பனி பட்டால்தான் அவரை பூக்கும் என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். உண்மையில் அந்தக் கொடி எதிர்பார்த்திருப்பது பனியை அன்று, நீண்ட இரவை. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட செடியவரை ரகங்கள் எந்தப் பட்டத்தில் விதைத்தாலும் பூப்பதற்குக் காரணம், அவற்றில் இந்த எதிர்பார்ப்பு நீக்கப்பட்டிருப்பதே. பழைய நாட்டு அவரையிலோ அது சிறிதும் குறையாமல் இருக்கிறது.

அவரையை முன்னிறுத்தி நான் சொல்லவந்தது வேறொரு செடியைப் பற்றி. சட்டத்தின் காரணமாக நம் வயல்களிலிருந்து விலக்கப்பட்டு, அபகீர்த்தியின் காரணமாக நம் பேச்சிலிருந்தும் ஏறக்குறைய விலக்கப்பட்டுவிட்ட கஞ்சாச் செடியின் தென்னிந்திய நாட்டு ரகமே அது. அதை ஆதரித்துப் பேசுவதோ, அதன் சாகுபடிக்கு வழி கூறுவதோ இக்கட்டுரையின் நோக்கமன்று. உஷ்ணப் பிரதேசத்துக்கு ஒரு தாவரம் தன்னை எவ்வாறு பொருத்திக்கொள்கிறது என்னும் கேள்விக்கு இவ்வளவு தெளிவாக விடை தரும் செடிகள் சிலவே என்பதனால், அதை ஆராய்வது பயனுள்ளதாகும்.

இச்செடி பிறப்பால் வெயில் நாட்டைச் சேர்ந்ததன்று என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். உலகின் பல பாகங்களிலிருந்து திரட்டிய 110 மாதிரிகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, மனிதன் இதைக் கைவசப்படுத்தியது கிழக்கு ஆசியாவில், சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன்பு என்று கணித்தது. ஆகவே மலையாளக் கரைக்கும் தமிழ்நாட்டு மலைகளுக்கும் வந்து சேர்ந்த செடி ஒரு வந்தேறி; ஆனால் மிகப் பழைய வந்தேறி. கொச்சியில் டச்சு அதிகாரியாக இருந்த வான் ரீட் தொகுத்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்னும் பெருநூலில், 1690இல் வெளியான பத்தாம் பாகத்தில், இது மலையாளப் பெயராலேயே படத்துடன் இடம்பெற்றிருக்கிறது. பிறகு 1753இல் லின்னேயஸ் ஐரோப்பிய நார்ச்செடியைக் கண்டு கன்னபிஸ் சட்டைவா என்று பெயரிட்டார். 1785இல் லமார்க், இந்தியாவிலிருந்து சொன்னேரா கொண்டுபோன மாதிரியைப் பார்த்து, குறுகிய இலைகளும் கடினமான தண்டும் மிகுந்த கிளைகளும் உடைய இது வேறு ஜாதி என்று தீர்மானித்து, கன்னபிஸ் இண்டிகா என்று பெயர் சூட்டினார். புதுச்சேரியோடு நெடிய தொடர்பு வைத்திருந்தவர் சொன்னேரா. இன்றைய வியாபார உலகத்தில் ஒல்லி இலை கொண்ட நம் நாட்டு ரகத்தைச் சட்டைவா என்றும், அகன்ற இலை கொண்ட ஆப்கானிய ரகத்தை இண்டிகா என்றும் தலைகீழாக மாற்றி வழங்குகிறார்கள். தாவர சாஸ்திரிகள் இதைத் திருத்த முயன்று அலுத்துவிட்டார்கள். நாமும் அதில் புகாமல் மேலே செல்வோம்.

ஒல்லி இலையைப் பற்றிச் சிறிது நின்று பேச வேண்டியிருக்கிறது. கைவிரல்கள்போல் விரிந்து, விளிம்பில் ரம்பப் பற்களைப் பெற்று, ஏழு, ஒன்பது, சில வேளை பதினொன்று சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும் அந்த இலையின் ஒவ்வொரு சிற்றிலையும், ஆப்கானிய மலைச்செடியின் சிற்றிலையைவிட மிகவும் ஒடுங்கியது. எந்த இலையையும் ஒட்டி, அசையாத காற்றின் மெல்லிய படலம் ஒன்று போர்த்தியிருக்கும். இலையின் சூடு இந்தப் படலத்தைக் கடந்துதான் வெளியேற வேண்டும். படலத்தின் கனம் இலையின் அகலத்தினுடைய வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பது பௌதிகம் கண்ட விதி. வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று வீசும்போது நான்கு சென்டிமீட்டர் அகலமுள்ள இலையின்மீது இப்படலம் சுமார் 0.8 மில்லிமீட்டர் கனமிருக்கும். அகலம் ஒரு சென்டிமீட்டரானால் கனம் அதில் பாதியாகிவிடும். புளியிலையும் வேலிக்கருவையின் இலையும் முருங்கையிலையும் ஏன் சின்னஞ்சிறு துண்டுகளாக இருக்கின்றன என்பதற்கும் ஒரு காரணம் இதுவே: அவை காற்றின் சூட்டுக்கு மேல் அதிகமாகச் சூடேறுவதில்லை.

அகன்ற இலையும் வெயிலில் பிழைக்கலாம். ஆனால் அதற்குத் தண்ணீரைச் செலவிட வேண்டும். இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகும்போது இலை குளிர்கிறது. இதுவே செடியின் வியர்வை. குற்றாலத்துச் சாரலில் 28 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கும் காற்றையும், அங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் உள்ள சுரண்டையில் சித்திரை மாதத்து நடுப்பகலில் 38 டிகிரி வெப்பமும் 30 சதவீத ஈரப்பதமும் இருக்கும் காற்றையும் ஒப்பிட்டுக் கணக்கிட்டால், பின்னதன் நீர் உறிஞ்சும் வேகம் முன்னதைப்போல் ஆறு மடங்காக இருக்கிறது. அத்தகைய காற்றில் துளைகளைத் திறந்துவைத்தால் வேர் ஈடுகொடுக்க முடியாது. மூடிக்கொண்டால் கரியமிலவாயு உள்ளே வராமல் உணவு தயாரிப்பு நின்றுபோகும். ஒல்லி இலை இந்தத் தர்மசங்கடத்தைத் தீர்ப்பதில்லை, சற்றுத் தள்ளிப்போடுகிறது.

ஏனெனில் கஞ்சாச் செடி, நெல்லையும் பருத்தியையும்போல, சி3 என்று சொல்லப்படும் வகையைச் சேர்ந்தது. காற்றிலிருந்து கரியமிலவாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்னும் நொதி, சூடு ஏற ஏறத் தன் விவேகத்தை இழந்து, கரியமிலவாயுவுக்குப் பதிலாகப் பிராணவாயுவையே அடிக்கடி பிடித்துவிடுகிறது. அந்தத் தவற்றைச் சரிசெய்யவே செடி தான் சேர்த்ததில் ஒரு பகுதியைச் செலவிட வேண்டியிருக்கிறது. சோளமும் கம்பும் இந்த நொதியைச் சுற்றிக் கரியமிலவாயுவை நெருக்கி அடைத்துவைக்கும் தனி ஏற்பாட்டைப் பெற்றவை. வெயிலின் உண்மையான பிள்ளைகள் அவைதாம். அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் அரசாங்க அனுமதியுடன் கஞ்சா வளர்க்கும் ஆராய்ச்சியாளர்கள், மெக்ஸிகோ நாட்டு ரகம் ஒன்றின் ஒளிச்சேர்க்கையைப் பல வெப்பநிலைகளில் அளந்து 2008இல் வெளியிட்டபோது, உச்சநிலை 30 டிகிரி அளவில் வந்தது. அதற்கு மேல் இறக்கமே. வெயிலுக்குப் பேர்போன ஒரு ரகத்துக்கே இதுதான் கதி.

இலையில் அரும்பும் பிசின் முடிகள் சூரியனின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் திரை என்றும், அதனாலேயே உஷ்ணதேசத்துச் செடிகளில் போதைச் சத்து அதிகம் என்றும் ஒரு கொள்கை உண்டு. 1987இல் வெளிவந்த ஒரு பரிசோதனை அதற்குத் துணைநின்றது. பிற்காலத்துப் பரிசோதனைகள் அதை ஊர்ஜிதப்படுத்தவில்லை. கேட்பதற்கு அழகான கொள்கை என்பதனாலேயே அது இன்னும் புத்தகங்களில் நடமாடிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் உஷ்ணத்துக்குப் பொருந்திய நாட்டு ரகம் என்பதன் பொருள் என்ன? இலையமைப்பு அதில் பாதிதான் என்று நான் எண்ணுகிறேன். மறுபாதி காலக்கணக்கில் இருக்கிறது; அந்தக் கணக்கு இரவைக் கொண்டு நடக்கிறது.

தாவரங்கள் பகலிரவின் நீளத்தை அறிந்து பூக்கின்றன என்னும் உண்மையைப் புகையிலையிலும் சோயாவிலும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவி 1920இல் வெளியிட்டவர்கள் அமெரிக்கர்களான கார்னரும் ஆலர்டும் ஆவர். அவர்களுக்கு முன்னரே, பாரிஸில் ஜூலியன் தூர்னுவா என்னும் இளைஞர், கண்ணாடி வீட்டுக்குள் குளிர்காலத்தில் விதைத்த கஞ்சாச் செடிகளும் அவற்றின் உறவான ஹாப் கொடிகளும் முளைத்த சில நாட்களிலேயே, சிறு நாற்றாக இருக்கும்போதே பூத்துவிடுவதைக் கண்டு வியந்து, வெப்பத்தையும் ஈரத்தையும் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்து, பகல் குறுகுவதைவிட இரவு நீள்வதே காரணமாக இருக்கலாம் என்னும் இடம்வரை வந்துவிட்டார். 1914இல் மூண்ட மகாயுத்தம் அவரைப் பலிகொண்டது. பிறகு 1938இல் ஹேம்னரும் பானரும் வேறொரு களைச் செடியை வைத்து அந்த ஊகத்தை மெய்ப்பித்தார்கள்: நீண்ட இரவின் நடுவே சில நிமிஷம் விளக்கேற்றினால் போதும், செடி பூக்காது, பகலின் நடுவே சிறிது இருட்டினாலோ அதற்கு எவ்வித விளைவும் இல்லை. இலையில் உள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமி, சூரிய ஒளியில் ஓர் உருவமும் இருளில் மெல்ல மெல்ல மற்றோர் உருவமும் கொள்கிறது. அந்த மாற்றத்தோடு செடியின் உள்ளே ஓடும் தினசரிக் கடிகாரமும் சேர்ந்து இரவின் நீளத்தை அளந்து சொல்கின்றன.

இப்போது பூகோளத்துக்கு வருவோம். சுரண்டை இருப்பது வட அட்சரேகை ஏறக்குறைய 9 டிகிரியில். இங்கே ஆனி மாதத்து மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 38 நிமிஷம். மார்கழியின் மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 36 நிமிஷம். ஆண்டு முழுவதும் சேர்ந்தாலும் வித்தியாசம் ஒரு மணி நேரத்தளவே. காபூலிலோ கோடையில் பதினான்கரை மணி நேரம் பகல். குளிர்காலத்தில் பத்து மணிக்கும் குறைவு. அங்கே வாழும் கஞ்சாச் செடி, பகல் பதினான்கு மணியிலிருந்து இறங்கத் தொடங்கும்போதே இலையுதிர்காலம் நெருங்குகிறது என்று உணர்ந்து, உறைபனிக்கு முன் விரைந்து பூத்து விதையிட்டு முடித்துவிட வேண்டும். தாமதித்த செடிக்குச் சந்ததி இல்லை. அதன் வித்தைக் கொண்டுவந்து சுரண்டையில் முளைக்கவிட்டால், அந்தச் செடிக்கு இங்குள்ள எல்லா நாட்களும் குளிர்காலம் நெருங்கிவிட்ட நாட்களே. தூர்னுவாவின் கண்ணாடி வீட்டு நாற்றுகள்போல் அதுவும் முழங்கால் உயரத்தில் பூத்து, நாலு வித்தோடு ஓய்ந்துபோகும்.

வடக்கிலிருந்து தெற்கே வந்த பழைய செடிகளுக்கும் இதுவே நேர்ந்திருக்க வேண்டும். அவற்றுள் சற்றுச் சோம்பேறியான செடி, அதாவது குறுகிய பகலைக் கண்டும் உடனே கலங்காமல் சில வாரம் இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டிருந்த செடி, அதிக வித்துக்களை விட்டுச் சென்றது. அதன் பிள்ளைகளில் மேலும் சோம்பேறியானவை அதைவிட அதிகம் விட்டுச் சென்றன. இப்படிப் பல நூற்றாண்டுகள் ஏறியபின், நீண்ட பால்ய பருவமும், அரைமணி நேர வித்தியாசத்தையும் நுட்பமாக உணரும் திறனும், பூக்கத் தொடங்கியபின் மூன்று மாதத்துக்கும் மேலாக அவசரமின்றிப் பூத்துக்கொண்டிருக்கும் சுபாவமும் சேர்ந்து, ஆளைவிட இருமடங்கு உயர்ந்து நிற்கும் தென்னாட்டு ரகம் உருவாயிற்று. குறுவையும் சம்பாவும் ஒரே நெல்லில் இரு காலக்கணக்குகளாக இருப்பதை அறிந்த நமக்கு இது விளங்குவது கடினமன்று. பழைய சம்பா ரகங்களும் இரவு நீண்ட பின்னரே கதிர்விட்டவை.

இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் ஒளிந்திருக்கிறது. பருவமழையில் முளைத்து, தட்சிணாயனத்தில் வளர்ந்து, மார்கழி தையில் பூத்து, மாசியில் முதிரும் செடி, பங்குனி, சித்திரை, வைகாசி என்னும் மூன்று மாதத்து அக்கினியைப் பார்ப்பதே இல்லை! அப்போது அது வித்தாக உறங்கிக்கொண்டிருக்கிறது. 38 டிகிரி வெயிலைத் தாங்குவதற்கு அது கண்டுபிடித்த உபாயங்களுள் தலையாயது அந்த வெயிலில் இல்லாமலிருப்பதே.

பழைய சர்க்கார் ஏடுகளும் இதையே காட்டுகின்றன. கஞ்சாவால் விளையும் நன்மை தீமைகளை ஆராய 1893இல் நியமிக்கப்பட்டு மறு ஆண்டு அறிக்கை தந்த இந்தியக் கஞ்சாக் கமிஷன், மெக்வொர்த் யங் என்பவர் தலைமையில் 1,193 சாட்சிகளை விசாரித்தது. சென்னை ராஜதானியில் பயிரிடப்பட்ட இடங்களாக அது பேசுபவற்றுள் முக்கியமானவை அன்றைய கிருஷ்ணா ஜில்லாவைச் சேர்ந்த சந்தராவூரும் தக்குபாடும். கோடையில் கொளுத்தும் கடலோரச் சமவெளி அது. வங்காளத்தில் ராஜ்ஷாஹியை அடுத்த நவ்காவ் இன்னும் பெயர்பெற்றது. கல்கத்தா தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த டேவிட் ப்ரெயின் 1893இல் அதைப்பற்றித் தனி அறிக்கையே எழுதினார். ஆவணியில் நாற்றங்காலில் தெளித்து, புரட்டாசியில் எடுத்து நட்டு, மாசி வாக்கில் அறுப்பார்கள். இடையே பொத்தார் என்று அழைக்கப்பட்ட நிபுணர் வயலில் இறங்குவார். இச்செடியில் ஆண் வேறு, பெண் வேறு. பூ விரியுமுன், கணுவில் கடுகளவு அரும்பு தோன்றியபோதே, அதன் காம்பையும் வடிவையும் பார்த்து இது ஆண், இது பெண் என்று பிரித்து, ஆண் செடிகளை வேரோடு பிடுங்கிப்போடுவது அவர் தொழில். மகரந்தம் படாத பெண் பூ, வித்துப் பிடிக்காமல் பிசினைப் பெருக்கிக்கொண்டிருக்கும் என்பதற்காக இவ்வளவு சிரமம். எவ்வளவு களைந்தாலும் எங்கோ ஒன்றிரண்டு ஆண் பூ தப்பிவிடும்; பெண் செடியிலேயே சில வேளை ஆண் பூவும் தோன்றும். 1917இல் அங்கே குடியானவர்களின் கூட்டுறவுச் சங்கமும் ஏற்பட்டது. 1987இல், வங்காளதேச ஆட்சியில், சாகுபடி நின்றது.

நமக்கு அண்மையில் இடுக்கி மலைகளின் ரகம் பெயர்பெற்றது. 2013இல் ஒரு மலையாளத் திரைப்படத்துக்கே அது தலைப்பாயிற்று. ஆயினும் அது வெயிலுக்கு உரிய ரகம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆயிரம் மீட்டர் உயரத்தில் ஏலக்காய் விளையும் பூமியில் வெயிலின் கொடுமை ஏது? அங்கே உள்ளது தென்னாட்டு இரவு; சமவெளியின் உஷ்ணம் அன்று. சந்தராவூர்ச் செடியும் இடுக்கிச் செடியும் காலக்கணக்கில் உறவினர்களாக இருந்தாலும், ஈரத்திலும் பூஞ்சைக் காளானிலும் தேறிவந்த செடி ஒன்று, வறண்ட காற்றில் தேறிவந்த செடி மற்றொன்று. இரண்டையும் ஒரே பெயரால் குறித்து ஒரே குணத்தை எதிர்பார்ப்பது குற்றாலத்துக்கும் சுரண்டைக்கும் ஒரே குடையைப் பரிந்துரைப்பது போலாகும்.

நாட்டு ரகம் ஒரு வித்தில் அடங்குவதுமன்று. காற்றினால் மகரந்தம் பரவி, எப்போதும் அயல்செடியோடு கலந்தே இனம் பெருக்கும் இச்செடியில், ஒரு குலையில் பறித்த இரண்டு வித்துக்கள்கூட ஒன்றுபோல் இரா. சாம்பலும் பழுப்புமாக வரியோடிய, மிளகைவிடச் சிறிய அந்த வித்துக்களில் ஏறத்தாழ பாதி ஆண், பாதி பெண். சில முந்தும், சில பிந்தும். சில வறட்சி தாங்கும், சில தாங்கா. மழை பொய்த்த ஆண்டில் பிழைப்பவை சில, அடைமழை ஆண்டில் பிழைப்பவை வேறு சில. இந்த வேறுபாடுகள் முழுவதும் சேர்ந்த ஜனசமூகத்துக்கே நாட்டு ரகம் என்று பெயர். பத்து வித்தை எடுத்துக்கொண்டு போய் எங்கோ வளர்த்துப் பெருக்கியவர் பெற்றது அந்தச் சமூகத்தின் ஒரு வீட்டை மட்டுமே. அதற்குள் நெருங்கிய உறவுக்குள்ளேயே கலப்பு நிகழ்ந்து வம்சம் நலிவதும் உண்டு.

வித்தைச் சேமித்துவைத்தாலென்ன என்று கேட்கலாம். எண்ணெய்ச் சத்து எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று முன்பின்னாக உள்ள வித்து இது. நம் ஊர்ச் சூட்டில் அந்த எண்ணெய் சீக்கிரம் காறிப்போய் முளைப்புத்திறன் அழியும். வித்தின் ஈரம் ஒரு சதவீதம் குறையும்போதும், வெப்பம் சுமார் ஐந்தரை டிகிரி குறையும்போதும் அதன் ஆயுள் இருமடங்காகும் என்பது ஹாரிங்டன் என்பவர் வகுத்த தோராயமான விதி. உறைநிலைக்குக் கீழே 18 டிகிரிக் குளிரில் பயிர் வித்துக்களைப் பாதுகாக்கும் நிலையங்கள் இந்த விதியை நம்பியே இயங்குகின்றன. எனினும் எத்தனை ஆண்டு உறங்கவைத்தாலும் ஒருநாள் எழுப்பி மண்ணில் விதைத்துப் புதுப்பித்தே ஆக வேண்டும். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் வரையறைப்படி, பூங்குலையோடு சேராத தனி வித்து கஞ்சா ஆகாது. ஆனால் உரிமமின்றி அதை முளைக்கவைத்துச் செடியாக்குவோருக்குப் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நார், வித்து முதலிய தொழில் தேவைகளுக்கு அரசு அனுமதிக்கலாம் என்னும் பிரிவும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதன்படி 2018இல் உத்தரகண்ட் உரிமம் வழங்கத் தொடங்கிற்று. 2025 ஜனவரியில் ஹிமாசலப் பிரதேச அமைச்சரவை இரண்டு பல்கலைக்கழகங்கள் வழியாகச் சோதனைச் சாகுபடிக்கு ஒப்புதல் தந்தது. இரண்டு மாநிலங்களும் 30 டிகிரி அட்சரேகையை ஒட்டிய மலைநாடுகள். அங்கே தேறும் வித்து எதுவும் 9 டிகிரியில் உயரமாக வளராது. 9 டிகிரி வித்து அங்கே போனால் குளிர் வந்து கருக்கும்வரை பூத்து முடிக்காது. தென்னாட்டு ரகத்தைத் தென்னாட்டிலேயே, உரிமம் பெற்ற ஆராய்ச்சித் தோட்டத்தில்தான் புதுப்பிக்க முடியும். அப்படி ஒன்று இங்கே ஏற்படவில்லை. ஏற்பட வேண்டும் என்பது என் கருத்து.

ஏற்பட்டால், காவலைவிடப் பெரிய சிக்கல் மகரந்தமாக இருக்கும். மொராக்கோவில் பூத்த கஞ்சாவின் மகரந்தம் கடலைத் தாண்டி ஸ்பெயினின் மாலகா நகரத்துக் காற்றுப் பொறிகளில் சிக்குவதை அந்நாட்டு விஞ்ஞானிகள் 1990களில் பதிவுசெய்திருக்கிறார்கள். வெளிநாட்டுக் கலப்பின வித்துக்கள் திருட்டுத்தனமாக மலைகளில் ஊன்றப்படும் இக்காலத்தில் நாட்டு ரகத்தின் கலப்பு பெரும்பாலும் இவ்வழியேதான் நிகழ முடியும். சுரண்டைப் பக்கம் காற்றாலைகளை ஓட்டும் செங்கோட்டைக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வருவது. ஆனால் அது அடிப்பது ஆனி முதல் ஆவணி வரை, செடி இன்னும் பூக்காத காலத்தில். அது பூக்கும் மார்கழியில் காற்று வடகிழக்கிலிருந்து மலையை நோக்கி வீசும். ஆகையால் சமவெளியில் அமையும் தோட்டத்துக்கு மலையிலிருந்து வந்து சேரும் கலப்பு சொற்பமாகவே இருக்கும். அந்தத் தோட்டத்திலிருந்து மலைக்கு அப்பால் போய்ச் சேரும் கலப்பையே முதலில் கணக்கிட வேண்டியிருக்கும்.